இறவாரத்தில் தொங்கும் பனிவிழுதுகள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் திருக்குறளைப் பற்றியோ சிலப்பதிகாரத்தைப் பற்றியோ பேசுவதே வழக்கம். அவற்றை விரித்துரைக்க வல்ல கற்றோர் பலர் இவ்வவையில் வீற்றிருக்கின்றனர். புகைவண்டி அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரிந்துகொண்டு, பள்ளியிறுதித் தேர்வோடு ஏட்டுக் கல்வியை முடித்துக்கொண்ட நாம் அவர்கள் துறையில் புகுதல் முறையன்று. ஆகவே எளியதொரு பொருளை எடுத்துக்கொண்டோம். குளிர்நாடுகளிலே வீட்டுக் கூரையின் விளிம்பிலிருந்து தொங்கும் பனிக்கட்டிகளைப் பற்றியும், அவற்றை எவ்வாறு கையாளுதல் வேண்டும் என்பதைப் பற்றியும் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

“சாமராஜநகரில் அமர்ந்துகொண்டு பனிக்கட்டியைப் பற்றி என்ன பேச்சு?” என்று சிலர் புன்னகை புரிவது நமக்குத் தெரியாமல் இல்லை. மைசூரிலிருந்து வரும் இருப்புப்பாதை இவ்வூரோடு முடிந்துவிடுகின்றது. நம் பிள்ளைகளின் பயணமோ இவ்வூரோடு முடிவதில்லை. முன்பெல்லாம் நம் குடியிருப்புப் பிள்ளைகள் மைசூர் வரை சென்றனர். மிஞ்சினால் பெங்களூர் வரை சென்றனர். இன்று கனடாவில் படிக்கின்றனர். படையில் சேர்ந்து காசுமீரத்திலும் இலடாக்கிலும் காவல் நிற்கின்றனர். சென்ற குளிர்காலத்தில் நம் தெருத் தாயார் ஒருவர் தம் மகன் கைப்பேசியில் அனுப்பிய படத்தை மகிழ்ச்சியோடு காட்டினார். “கண்ணாடிச் சரவிளக்கு மாட்டினாற்போல் எவ்வளவு அழகு பாருங்கள்!” என்றார். அழகுதான். ஆனால் அப்பிள்ளை நின்றிருந்த இடம், ஆள் உயரத்திற்கு நீண்டு தொங்கிய அவ்விழுதுகளின் நேர் கீழே. அதுவே இப்பொருளைப் பேச நம்மைத் தூண்டியது.

முதலில் பெயரைப் பார்ப்போம். இப்பொருளுக்குத் தமிழில் பழக்கமான சொல் இல்லை. நாட்டில் இல்லாத பொருளுக்குச் சொல் இல்லாதிருத்தல் மொழிக்குக் குறையன்று. நம் முன்னோர் பனி என்னும் ஒரு சொல்லாலேயே புல் நுனியில் துளிக்கும் நீரையும், பாதையை மறைக்கும் மூட்டத்தையும், இமயத்தின் வெண்மையையும் குறித்தனர். மார்கழியும் தையும் முன்பனிக் காலம், மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் என ஆண்டில் நான்கு திங்களைப் பனிக்கே ஒதுக்கினர். நாம் வாழும் இக்கன்னட நாட்டில் ‘ஹனி’ என்றால் துளி. பால் ஹாலு ஆவதும், புலி ஹுலி ஆவதும் போலவே பனி ஹனி ஆயிற்று. நம் சொல்லும் அவர் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆலமரத்தின் விழுது போன்று மேலிருந்து கீழ்நோக்கி வளர்வதால், நாம் இதனைப் ‘பனிவிழுது’ என்று வழங்குவோம். ஒரு வேற்றுமையை மட்டும் மறவாதிருப்போமாக. ஆலம்விழுது மரத்தைத் தாங்கும். பனிவிழுது தன்னைத் தாங்கிய இறவாரத்தையே முறிக்கும்.

நமக்கு அண்மையில் உள்ள குளிர் எத்தகையது? குண்டலுப்பேட்டை வட்டத்திலே ஹிமவத் கோபாலசுவாமி மலை இருக்கின்றது. கடல் மட்டத்திற்கு மேல் 1,454 மீட்டர் உயரம். பெயரிலே ஹிமம் இருப்பினும் அங்கே நாம் காண்பது மூடுபனியே. கையில் அள்ளும் பனி அன்று. பந்திப்பூர், முதுமலைக் காடுகளைக் கடந்து நீலகிரிக்கு ஏறினால் உறைபனியைக் காணலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில், நிலத்தின் வெப்பம் தடையின்றி வானோக்கி வெளியேறிவிடுகின்றது. குளிர்ந்த காற்று கனமுடையது. ஆதலின் அது சரிவில் வழிந்து பள்ளங்களில் தேங்குகின்றது. தலைகுந்தா போன்ற தாழ்விடப் புல்வெளிகள் விடியற்காலையில் உப்புத் தூவினாற்போல் வெளுத்துக் கிடப்பது இதனாலேயே. தேயிலைக் கொழுந்து கருகிவிடும். உதகைத் தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளை மிலார் கொண்டு போர்த்துவர். வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்து உறைபனியைக் கரைப்பதும் உண்டு.

ஆயினும் பனிவிழுது உண்டாவதற்கு இவ்வளவு குளிர் போதாது. குளிர் மட்டுமே போதாது என்றும் சொல்லலாம். அதற்கு மூன்று வேண்டும். கூரையின்மேல் வெண்பனிக் குவியல் வேண்டும். அதனைச் சிறிதே உருக்கும் வெப்பம் வேண்டும். உருகிய நீரை உடனே மீண்டும் உறைய வைக்கும் கடுங்குளிர் வேண்டும். உருகுதலும் உறைதலும் அருகருகே நிகழும் இடத்திலேதான் விழுது வளரும். இவ்வுண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

கனடாவில் பெரும்பாலான வீடுகள் மரச்சட்டம் அமைத்துக் கட்டியவை. சரிந்த கூரை உடையவை. உட்கூரைக்கும் மேற்கூரைக்கும் இடையே பரண் போன்ற வெற்றிடம் இருக்கும். வெளியே உறைநிலைக்குக் கீழே பத்துப் பாகை குளிர் இருக்கும்போது, வீட்டினுள் சூடேற்றி இருபது பாகை வெப்பத்தில் வைத்திருப்பர். சூடான காற்று மேலே எழும் இயல்புடையது. விளக்குப் பொருத்திய துளைகள் வழியாகவும், பரண் கதவின் இடுக்கு வழியாகவும் அது பரணுள் ஏறிக் கூரையைச் சூடாக்குகின்றது. கூரைமேல் கிடக்கும் பனிக்குவியல் அடிப்புறத்தில் உருகுகின்றது. அந்நீர் பனியின் அடியிலேயே சரிவில் வழிந்து இறவாரத்தை அடைகின்றது. இறவாரமோ சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருப்பது. அதன் கீழ் அறையும் இல்லை, வெப்பமும் இல்லை. அங்கே நீர் உறைந்து முதலில் ஒரு வரம்பு கட்டுகின்றது. வயலுக்கு வரப்பு எவ்வாறோ, கூரைக்கு இப்பனி வரம்பு அவ்வாறு. வரம்பைத் தாண்டி வழியும் துளிகள் விழுதாக நீள்கின்றன.

விழுது வளரும் விதமும் வியப்பானது. மேலிருந்து வரும் நீர் மிக மெல்லிய படலமாக விழுதின் மேனியைப் போர்த்துக்கொண்டு இறங்கும். அதில் ஒரு பகுதி வழியிலேயே உறைந்து விழுதைப் பருமனாக்கும். எஞ்சியது நுனியில் துளியாய்த் தொங்கி உறைந்து விழுதை நீளமாக்கும். விழுதின் மேனியிலே ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வளையம் வளையமாகப் புடைத்திருப்பதைப் படங்களில் காணலாம். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இசுடீபன் மாரிசு என்னும் பேராசிரியர், விழுதுகளை வளர்ப்பதற்கென்றே ஒரு பொறியை அமைத்து ஆராய்ந்தார். தூய வடிநீரில் வளர்ந்த விழுதுகளில் வளையங்கள் இல்லை. நீரில் சிறிதளவு உப்புக் கலந்திருந்தால் வளையங்கள் தோன்றுகின்றன என்று அவரும் அவருடைய மாணவரும் 2013-இல் வெளியிட்டனர். நீரில் கரைந்திருக்கும் சிட்டிகை உப்பு ஆளுயரப் பனிக்கட்டியின் வடிவையே மாற்றிவிடுகின்றது!

இதிலிருந்து இல்லத்தரசிகளுக்குப் பயன்படும் ஒரு குறிப்பும் கிடைக்கின்றது. ஒரே தெருவில் அடுத்தடுத்த இரு வீடுகளில் ஒன்றில் மட்டும் பெரும் பனிவிழுதுகள் தொங்குமாயின், அவ்வீட்டின் வெப்பம் கூரை வழியே கசிகின்றது என்று அறியலாம். வெப்பம் கசிந்தால் எரிவாயுக் கட்டணமாகக் காசும் கசிகின்றது. அதுவன்றிப் பனி வரம்புக்குப் பின்னால் தேங்கும் நீர், கூரைத் தகடுகளின் இடுக்கில் புகுந்து சுவரிலும் உட்கூரையிலும் இறங்கும். உட்கூரையில் மஞ்சள் கறை படிந்தால், மேலே பனி வரம்பு கட்டியிருக்கின்றதா என்று ஐயுற வேண்டும்.

நம் நாட்டிலேயே பனிவிழுதுகளைக் காண வேண்டுமாயின் காசுமீரத்திற்குச் செல்லலாம். அங்கே டிசம்பர் 21-ஆம் நாள் தொடங்கும் நாற்பது நாட்களைச் ‘சில்லை கலான்’ என்பர். பெருங்குளிர் என்பது பொருள். அடுத்த இருபது நாட்கள் ‘சில்லை குர்த்’. அதனை அடுத்த பத்து நாட்கள் ‘சில்லை பச்சா’, அதாவது குழந்தைக் குளிர். பனிவிழுதுக்கு அவர்கள் மொழியில் ‘ஷிஷர்காண்ட்’ என்று தனிப்பெயரே உண்டு. சிறுவர்கள் அதனை ஒடித்து ஐஸ்குச்சி போல் சுவைப்பதும் உண்டு. தகரக் கூரைகளைச் சரிவாக அமைத்துப் பனியைத் தேங்கவிடாமல் வழுக்கி விழச் செய்வது அவர்கள் கண்ட வழி. புகைவண்டித் துறையில் இருப்பதால் ஒன்றைப் பெருமையோடு சொல்லிக்கொள்கின்றோம். பனிகால், காசிகுண்டு என்னும் ஊர்களுக்கிடையே பீர்பஞ்சால் மலையைக் குடைந்த 11 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுரங்கம் 2013-இல் திறக்கப்பட்டது. செனாப் ஆற்றின்மேல் 359 மீட்டர் உயரத்தில் அமைந்த பாலமும் 2025 சூன் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது. காசுமீரப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதையால் நாட்டோடு இணைந்துவிட்டது. ஆகவே குளிர்காலச் சுற்றுலாவாக நம் குடும்பங்களும் அங்கே செல்லும் நாள் தொலைவில் இல்லை. செல்வோர் தகரக் கூரையின் ஓரமாக நடவாதிருத்தல் நலம். மேலிருந்து விழுதும் விழும். பனிக்குவியல் முழுவதும் ஒருசேர வழுக்கி இறங்குதலும் உண்டு.

இனிக் கனடாவைப் பார்ப்போம். 1983-ஆம் ஆண்டு ஆடித் திங்களில் இலங்கையில் நிகழ்ந்த கொடுமைகளுக்குப் பின் ஈழத் தமிழர் பல்லாயிரவர் அந்நாட்டை நாடினர். 1986 ஆகஸ்டில் 155 தமிழர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்டுலாந்துக் கடலிலே தத்தளித்தபோது, கஸ் டால்டன் என்னும் மீன்பிடி கப்பல் தலைவர் அவர்களைக் கண்டு காப்பாற்றினார். அன்று கையில் ஒன்றுமின்றி வந்தோரின் பிள்ளைகள் இன்று அங்கே மருத்துவராயும் ஆசிரியராயும் நாடாளுமன்ற உறுப்பினராயும் விளங்குகின்றனர். 2016-இல் கனடா நாடாளுமன்றத்தின் மக்களவை சனவரித் திங்களைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. தைப்பொங்கல் வரும் திங்கள் என்பதால் அது தேர்ந்தெடுக்கப்பட்டது. அத்திங்களே அங்குக் கொடுங்குளிரின் திங்களும் ஆகும். நாம் முற்றத்தில் கதிரவனை நோக்கிப் பொங்கல் பானை வைக்கும் நாளில், அவர்கள் முற்றத்துப் பனியை மண்வெட்டியால் வாரிக்கொண்டிருப்பர்.

இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. வெயிலிலிருந்து தப்பும் வழி, வெள்ளத்திலிருந்து தப்பும் வழி, பாம்பிலிருந்து தப்பும் வழி ஆகியவை நமக்குப் பாட்டியும் தாத்தாவும் சொல்லி வந்தவை. தென்னை மரத்தடியில் படுக்காதே என்று நம் வீட்டில் எவரும் புத்தகம் பார்த்துச் சொல்வதில்லை. பனிவிழுதின் அடியில் நிற்காதே என்று சொல்வதற்கு நம் பாட்டிமார்க்கு வாய்ப்பு இருந்ததில்லை. அவ்வறிவு நம் மரபில் இல்லை. பிள்ளைகளை அனுப்பும் நாமே அதனைத் தேடிக் கற்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்களாய் இருக்கின்றோம்.

பனிவிழுதின் வலிமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எழுத்தர் தொழிலில் கணக்குத்தானே நமக்குத் துணை! ஒரு லிட்டர் கன அளவுள்ள பனிக்கட்டி ஏறத்தாழ 917 கிராம் எடையுள்ளது. ஒரு மீட்டர் நீளமும், மேற்புறத்தில் 10 சென்டிமீட்டர் குறுக்களவும் உடைய கூம்பு வடிவ விழுது 2.4 கிலோ நிற்கும். அதனைப்போல் நீளத்திலும் குறுக்களவிலும் இருமடங்காய் வளர்ந்த விழுது எவ்வளவு நிற்கும்? இருமடங்கு என்று எண்ணுதல் தவறு, எட்டு மடங்கு. அதாவது 19 கிலோவுக்கு மேல். ஏறத்தாழ இருபது கிலோ எடை இரண்டாம் மாடியின் இறவாரத்திலிருந்து, ஆறு மீட்டர் உயரத்திலிருந்து விழுமாயின், தரையை அடையும்போது அதன் வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். நம் ஊர்ப் பயணிகள் வண்டி நிலையத்தைவிட்டுக் கிளம்பி ஓட்டம் பிடிக்கும் வேகம் அது. கூர்மையான நுனியோ கீழ்நோக்கி இருக்கின்றது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. டொராண்டோவில் 553 மீட்டர் உயரமுள்ள சி.என். கோபுரம் உலகறிந்தது. 2007 மார்ச்சுத் திங்களில் அக்கோபுரத்தில் படிந்த பனிக்கட்டிகள் உடைந்து விழவே, அருகிலுள்ள கார்டினர் விரைவுச்சாலையையே அடைத்துப் போக்குவரத்தை நிறுத்தினர். உருசிய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 2010-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பனிவிழுதுகளும் கூரைப் பனியும் விழுந்து பலர் காயமுற்றனர், உயிரிழந்தோரும் உண்டு. அந்நாளில் நகரின் ஆளுநராய் இருந்த வாலென்டீனா மத்வியென்கோ அம்மையார், லேசர் ஒளியால் விழுதுகளை வெட்டலாகாதா என்று கேட்டார். நகர மக்கள் அதனைக் கேலி செய்தனர். விண்வெளிக்கு முதல் மனிதனை அனுப்பிய நாட்டிற்கே இறவாரத்துப் பனிவிழுது இத்தகைய தலைவலியாயிற்று என்றால், அதனை எளிதாக எண்ணலாமா?

இனிப் பனிவிழுதைக் கையாளும் வழிகளைக் கூறுவோம். இளைஞர்கள் செவி சாய்க்க வேண்டுகின்றோம்.

முதலாவது, அடியில் நில்லாமை. புதிதாய்ச் செல்லும் மாணவர் பலர் வீடுகளின் நிலவறைகளிலே வாடகைக்கு இருக்கின்றனர். அந்நிலவறைக்குச் செல்லும் வாயில் பெரும்பாலும் வீட்டின் பக்கவாட்டில், இறவாரத்தின் நேர் கீழே இருக்கும். கதவைத் திறந்தவுடன் வெளியே பாய்ந்து செல்லாமல், முதலில் அண்ணாந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். சாவியைத் தேடிக்கொண்டு கதவருகில் நிற்பதும், கைப்பேசியில் பேசிக்கொண்டு அங்கேயே நிற்பதும் கூடா. பெருவிழுது தொங்குமாயின் அவ்வழியை அடைத்து, ஒரு நாற்காலியையோ கயிற்றையோ குறுக்கே இட்டு, மற்றவரையும் எச்சரிக்க வேண்டும்.

இரண்டாவது, நாள் அறிதல். பனி கொட்டும் நாளைவிடப் பனி விட்டு வெயில் காயும் நாளே அஞ்சத்தக்கது. கடுங்குளிரில் விழுது இறவாரத்தை இறுகப் பற்றியிருக்கும். வெயில் பட்டதும் பிடி தளரும். “இன்று நல்ல வெயில்” என்று மகிழ்ந்து வெளியே வரும் நாளில்தான் தலைக்குமேல் விழிப்பு வேண்டும்.

மூன்றாவது, சிறிதாய் இருக்கும்போதே அகற்றுதல். முளையிலே கிள்ளுவது என்று நாம் சொல்வது இதற்கும் பொருந்தும். விரற்கடை அளவு இருக்கும்போதே, எட்ட நின்று, பக்கவாட்டிலிருந்து, நீண்ட துடைப்பத்தால் மெல்லத் தட்டினால் உதிர்ந்துவிடும். அடியில் நின்று மேல்நோக்கிக் குத்துதல் பெருந்தவறு. பெரியதாய் வளர்ந்துவிட்டால் தாமே முயலாமல், அதற்கென்று கருவியும் காப்பீடும் உடைய தொழிலாளரை அழைக்க வேண்டும். அவர்கள் நீராவியைப் பாய்ச்சிக் கூரைக்குச் சேதமின்றி அகற்றுவர்.

நான்காவது, கூரைப் பனியைக் குறைத்தல். நீண்ட கைப்பிடியுடைய கூரை வாரி ஒன்று கடைகளில் கிடைக்கின்றது. நாம் களத்தில் நெல் வாரும் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். தரையில் நின்றபடியே இறவாரத்திலிருந்து மூன்று நான்கு அடி வரை புதுப்பனியை இழுத்துவிட்டால், விழுதுக்கு இரை குறைந்துவிடும். மின்கம்பி அருகில் செல்லுமாயின் அக்கருவியைத் தொடவே கூடாது.

செய்யத்தகாதன சில உள. வழுக்கும் தரையில் ஏணி சாத்தி ஏறக்கூடாது. கூரைமேல் ஏறிக் கோடரியாலோ சுத்தியலாலோ உடைக்கக்கூடாது. பனியோடு கூரையும் உடையும். கொதிநீர் ஊற்றக்கூடாது, அந்நீரே சற்று நேரத்தில் உறைந்து அடுத்த விழுதாகும், கீழே நடைபாதையும் கண்ணாடியாகும். தீப்பந்தம் காட்டக்கூடாது, வீடு மரத்தாலானது என்பதை மறக்கலாகாது. கல்லுப்பைக் கூரையில் வீசுவதும் கூடாது; ஆணியும் தகடும் துருப்பிடிக்கும், செடிகள் பட்டுப்போம். கால்சியம் குளோரைடு என்னும் உப்பை நீண்ட துணிப்பையில் இட்டுப் பனி வரம்பின் குறுக்கே கிடத்தி, நீர் வடிய ஒரு வாய்க்கால் உண்டாக்குவது மட்டும் அங்குள்ளோர் கைக்கொள்ளும் வழி.

நிலையான மருந்து வேறு. பரணுக்குச் செல்லும் இடுக்குகளை அடைத்தல், பரணின் தளத்தில் வெப்பம் காக்கும் பஞ்சைப் போதிய கனத்திற்குப் பரப்புதல், பரணில் வெளிக்காற்று உலாவ வழி வைத்தல், இலையுதிர் காலத்திலேயே இறவாரத்து நீர்த்தாரையில் அடைந்த சருகுகளை வாருதல் ஆகிய நான்குமாம். வீடு சூடாகவும் கூரை குளிராகவும் இருத்தல் வேண்டும் என்பதே இதன் சுருக்கம். வாடகைக்கு இருப்போர் இவற்றைத் தாம் செய்ய வேண்டுவதில்லை; வீட்டுக்காரரிடம் எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். கூரைப் பனியை அகற்றும்படி வீட்டுக்காரரைப் பணிக்கும் அதிகாரம் ஒன்றாரியோ மாநிலத்தில் நகராட்சிகளுக்குச் சட்டப்படி உண்டு. ஆதலின் கேட்பதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

விழுதைவிட மறைவாய்க் கொல்லும் பகை ஒன்றையும் இங்கே சொல்லாமல் விடுதல் தகாது. வீட்டைச் சூடாக்கும் அடுப்பின் புகைக்குழாய் பல வீடுகளில் பக்கச் சுவர் வழியே வெளியேறும். கூரையிலிருந்து விழுந்த பனி அவ்வாயை மூடிவிட்டால், கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வளி வீட்டினுள் திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், உறக்கம், பின்னர் மரணம். 2013 டிசம்பரில் டொராண்டோவில் பனிமழை பெய்து ஏறத்தாழ 3,00,000 மின் இணைப்புகள் அறுந்தபோது, குளிர் தாங்காமல் கரியடுப்பை வீட்டினுள் மூட்டி நச்சு வளியால் துன்புற்றோர் பலர். ஒன்றாரியோவில் எரிபொருள் அடுப்புள்ள வீடுகளில் எச்சரிக்கைக் கருவி வைத்தல் 2014 முதல் சட்டக் கட்டாயம் ஆயிற்று. கனடா வரை போவானேன்? உதகையிலும் கொடைக்கானலிலும் விடுதி அறையின் கதவு சன்னல்களை மூடிக்கொண்டு கரியடுப்பு மூட்டி உறங்கியோர் காலையில் எழாத செய்திகளை நாமே நாளிதழில் படித்திருக்கின்றோம். இங்கிருந்து உதகைக்கு விடுமுறைக்குச் செல்லும் ஒவ்வொரு குடும்பமும் இதனை நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பனிக்கட்டியைப் பற்றிப் பேசும்போது நம் உள்ளம் மற்றோரிடத்திற்கும் செல்கின்றது. 2016 பிப்ரவரி 3-ஆம் நாள் சியாச்சின் பனிமலையிலே பெரும் பனிச்சுவர் இடிந்து, மெட்ராஸ் படைப்பிரிவின் 19-ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த பத்து வீரர்களை மூடியது. அவருள் நால்வர் தமிழ்நாட்டினர், மூவர் கருநாடகத்தினர். தார்வாட்டைச் சேர்ந்த ஹனுமந்தப்பா கொப்பத் ஆறு நாட்களுக்குப் பின் பனியின் அடியிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டார். நாடே அவருக்காக வேண்டிக்கொண்டது. பிப்ரவரி 11-ஆம் நாள் தில்லி மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. தமிழ் வீட்டிலும் கன்னட வீட்டிலும் ஒரே நாளில் அழுகுரல் எழுந்தது. ஆற்று நீரைப் பற்றி இரு மாநிலத்தாரும் வழக்காடும் காலங்களில் நம் போன்ற குடியேறிகள் அச்சத்தோடு கதவை அடைத்துக்கொண்டு இருந்தோம். அந்நீரே உறைந்து பனியாய் நின்ற மலையில் இரு மாநிலத்துப் பிள்ளைகளும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து காவல் நின்றனர் என்பதை இரு சாராரும் நினைவிற் கொள்ளுதல் நன்று.

குடியேறி வாழ்வோர்க்கு இதனினும் நெருங்கிய பாடமும் உண்டு. நாம் இவ்வூருக்கு வந்தபோது இம்மண்ணின் இயல்பை நமக்குக் கற்பித்தவர் யார்? எந்த நீரைக் கொதிக்க வைத்துப் பருக வேண்டும், எந்தத் திங்களில் காட்டுப் பாதையில் யானை இறங்கும், ராகியைக் கட்டியின்றி எவ்வாறு கிண்டுவது என்பனவற்றையெல்லாம் அடுத்த வீட்டுக் கன்னடத்துத் தாய்மாரே நமக்குச் சொல்லித் தந்தனர். நாமும் கேட்டோம், கற்றோம், வாழ்ந்தோம். கனடா செல்லும் நம் பிள்ளைகளும் அவ்வாறே அந்நாட்டு அண்டை அயலாரைக் கேட்டுக் கற்க வேண்டும். தமிழர் மட்டும் கூடும் வட்டத்திற்குள்ளேயே இருந்துவிட்டால் பொங்கலின் இனிமை குறையாது. ஆனால் பனியின் பழக்கம் தெரியாமற் போம். தன் மொழியைக் காத்தலும், வந்த மண்ணின் அறிவைக் கற்றலும் ஒன்றோடொன்று மாறுபட்டவை அல்ல.

ஆகவே பெற்றோரை நாம் வேண்டிக்கொள்வது இது. பிள்ளை தொலைபேசியில் அழைக்கும்போது சாப்பிட்டாயா என்று கேட்கின்றோம். கம்பளி போர்த்தினாயா என்று கேட்கின்றோம். அவற்றோடு குளிர்காலத்தில் மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். “உன் வாசலுக்குமேல் என்ன தொங்குகின்றது? வீட்டில் நச்சு வளி எச்சரிக்கைக் கருவி வேலை செய்கின்றதா? கூரையைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்காரரின் தொலைபேசி எண் உன்னிடம் இருக்கின்றதா?” முதல் முறை கேட்டால் பிள்ளை சிரிக்கும். இரண்டாம் முறை அண்ணாந்து பார்க்கும். அவ்வளவே நமக்கு வேண்டுவது.

 எங்கெங்கு வாழினும் நம் பிள்ளைகள் நலமே வாழ்க! நம்மை வாழவைக்கும் இக்கன்னட நன்னாடு வாழ்க! தமிழ் வாழ்க!